பொட்டு வைத்த பெட்ரோல் டியூப்

என் வயசுக்காரங்களைத்தான் கேட்கிறேன். உங்க வீட்டுக்குள்ளே மோட்டார் சைக்கிள் குடித்தனம் பண்ணியதுண்டா? வாசலில் நிறுத்துவதைச் சொல்லவில்லை. பாயை விரித்தால் கால்மாட்டில் அதன் பின்சக்கரம், சாப்பிட உட்கார்ந்தால் முதுகில் அதன் சைலன்சர், அப்படி. பண்ணியிருந்தால் இதில் பாதி உங்களுக்கே தெரியும். பண்ணாதவங்க ஒரே ஒரு ரூமை மனசில் போட்டுக்கொள்ளுங்க. ஒரு மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். எதிர் மூலையில் வண்டி. நடுவே விட்டத்தில் அம்மாவின் பழைய புடவையைக் கட்டிய தூளி. தூளிக்குள் என் தம்பி, இன்னும் கழுத்து நிற்காத குழந்தை.

அந்த மழைக்காலம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். எதற்கு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது. வண்டியிலிருந்து பெட்ரோல் கசிந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்க ஊர் நூம்பலில் இன்றைக்கு யார் வீட்டுக்குப் போனாலும் கீழே வண்டி நிறுத்த இடம், மேலே மாடி. அப்போது வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வயலும் குட்டையுமாக ஒரு மண்ரோடு, அதில் நடந்துதான் ஊருக்குள் வரவேண்டும். எங்க நைனாவை, அதான் அப்பாவை, பெற்றவர்கள் வரைக்கும் அந்த வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள். நைனாதான் முதன்முதலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். வண்டி வாங்கியதும் அவர்தான். அவருக்கு முன்னாலேயே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. டேங்கில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். சீட்டின் கிழிசலிலிருந்து நார் எட்டிப் பார்க்கும். நைனாவுக்கு அது யானை. “நம்ம வம்சத்துல மாடு ஓட்னவன் கீறான், ஏர் ஓட்னவன் கீறான். இஞ்சின் ஓட்னவன் நான்தான்” என்பார்.

எதிர்வீட்டு அத்தை இதைக் கேட்டால் சும்மா போகாது. சொந்த அத்தை இல்லை. நைனாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆனது. “ஓட்றது எங்க அண்ணே? பாதி நாளு அதத் தள்ளிகினுதான வர்ற. அதுக்கு ஒரு மாடே வாங்கியிருந்தா பாலாவது குடுத்துருக்கும்” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். நகை சேர்க்கிறவங்க சேர்க்கட்டும்.

ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. பட்டறையில் அன்றைக்கு மெஷினை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுப்பார்கள். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் நைனா எங்கள் வண்டிக்கும் செய்தார். மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெயைக் கலந்து, கிழிந்த பனியனை நனைத்து, இரும்பு ரப்பர் என்று பார்க்காமல் தேய்த்தார். டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்கி வருவதற்கு ஒரு ரப்பர் டியூப் உண்டு, சுண்டுவிரல் கனத்தில். வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிக் கிடந்த அது, எண்ணெய் பட்டதும் கறுகறுவென்று மின்னியது.

“பாத்தியா பாப்பா, வயசு கொறஞ்சிபோச்சி இதுக்கு” என்றார்.

அந்த ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி, சொதசொதத்து, ஒருநாள் பிளந்துகொள்ளும் என்பது எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. இரும்புக்கு எண்ணெய் நல்லது, தலைக்கு எண்ணெய் நல்லது, ரப்பருக்கு மட்டும் ஆகாது என்று யாருக்குத் தோன்றும்?

தேய்த்து முடித்ததும் பொட்டு. ஹெட்லைட்டில் ஒன்று, டேங்கின் இரண்டு பக்கமும், ஹேண்டில் பாரில், சங்கிலி மூடியில். கடைசியாக அந்த டியூப் வளைகிற இடத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். “இதான் வண்டிக்குத் தொண்டக்குழி. இங்க அம்மன் நின்னா போதும்” என்றார். பூஜையில் வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிரும் வரைக்கும் விட்டுவிட வேண்டும். இது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். உங்க வீட்டிலும் இருந்திருக்கும்.

பிறகு மழை பிடித்தது. வண்டி உள்ளே வந்தது. தரை சேறாகாமல் இருக்க அடியில் ஒரு கோணியை மடித்துப் போட்டார்கள்.

முதல் வாரத்திலேயே எனக்கு வாசனை தட்டியது. தம்பி மேல் அடிக்கும் வசம்பு வாசனை, நனைந்த கோணியின் மக்கல் வாசனை, ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாசனை, இத்தனைக்கும் ஊடே மெல்லிசாக ஒன்று, மூக்கின் உச்சியில் குத்துகிற மாதிரி. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு வீடு இருந்தது. சுவர் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்திருக்கும். ஸ்டவ் வெடித்து அந்த வீட்டு மருமகள் போய்விட்டாள் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் ஸ்டவ் வெடித்துப் போவதும் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் ரொம்ப சகஜம். எனக்கு அந்தக் கறுப்புச் சுவர்தான் கணக்கு. அம்மா ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழிக்கும்போதெல்லாம் நான் வண்டியைப் பார்ப்பேன், பிறகு தூளியைப் பார்ப்பேன். நெருப்பு எந்த வழியாக ஓடும் என்று கண்ணாலேயே கோடு போட்டுப் பார்ப்பேன்.

யாரும் இல்லாத நேரத்தில் வண்டிப்பக்கம் குந்தி உட்கார்ந்து, டியூபை முகர்ந்துகொண்டே மேலிருந்து கீழே வருவேன். பொட்டு இருக்கும் இடத்தில் வந்ததும் மூக்கு காந்தும். மற்ற பொட்டெல்லாம் காய்ந்து, வெடித்து, ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. டியூபில் வைத்தது மட்டும் காயவே இல்லை. தொட்டால் ஈரம். ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றி ஓட்டும் வண்டி அது. கசிந்த பெட்ரோல் ஆவியாகப் போக, ஆயில் மட்டும் சந்தனத்தில் தங்கி அதை ஈரமாகவே வைத்திருந்தது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஈரமும் வாசனையும்தான்.

நைனாவிடம் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இன்னாம்மே, இங்க வா” என்று அம்மாவைக் கூப்பிட்டார். “பூஜ போட்டு எத்தினி நாளாச்சி, இன்னும் பொட்டு ஈரமா கீது பாரு. அம்மன் குளுந்து நிக்கிறா.”

அம்மா எட்டி நின்று பார்த்தாள். எதிர்வீட்டு அத்தைக்குச் செய்தி போய், அது ஓடி வந்து விரலால் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டது. “எங்க ஊட்ல வச்ச பொட்டு மறாநாளே பொரிஞ்சிபோச்சி அண்ணே. நீ குடுத்துவச்சவன்.” கண்ணில் வைத்தது கொஞ்சம் எரிந்திருக்க வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டே, “சக்தி ஜாஸ்தி” என்றது.

நான் நச்சரித்தது தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடி முனையில் இருந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனார் நைனா, என்னையும் டேங்க் மேல் உட்கார வைத்து. “இன்னா அண்ணாத்தே, யானைக்கு இன்னா?” என்று கேட்டுக்கொண்டு மெக்கானிக் குனிந்தார். கை டியூப் வரைக்கும் போனது. ரப்பரை ஆராய்வதென்றால் வளைத்துப் பார்ப்பார்கள், நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள். வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். வளைக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருந்தது. நைனா பெருமையாக அதன் ஈரத்தைப் பற்றிச் சொன்னார். மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார்.

“காயாத பொட்டுல கைய வச்சி எனக்கு எதுக்குப்பா வம்பு. மேலயும் கீழயும் நல்லாதான் கீது. கார்த்திக கயியட்டும், இட்டாந்து உடு, மாத்திக்கலாம்.”

அப்படி என் பயம் ஒரு பயமாகவே எடுத்துக்கொள்ளப்படாமல் போனது. பிறகு அது வியாதியாகிவிட்டது. தீபாவளியன்று எல்லாரும் வாசலில் மத்தாப்பு கொளுத்த, நான் கதவை மூடி அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டேன், ஒரு பொறியும் உள்ளே போகாதபடி. தூக்கத்தில் வாசனை வாசனை என்று பிதற்றினேனாம். அத்தை வைத்தியம் பார்த்துச் சொல்லியது: “தம்பி பொறந்தா மூத்ததுக்கு இப்பிடித்தான் அண்ணி. தாய் மடி போச்சேங்கற ஏக்கம் மூக்குல பூந்து உக்காந்துக்கும். பயந்த கோளாறு. பூந்தமல்லி பள்ளிவாசல்ல ஓதி ஊதினா சரியாயிடும்.”

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே தூளியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் நைனா பர்மிஷன் போட்டு வந்துவிட்டார். அம்மா அகல்களைக் கழுவிக் காயவைத்துத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை அகல் எங்கே வைப்பது என்று பேச்சு. வாசலில், ஸ்டவ் பக்கம், சாமி படத்துக்கு முன்னால். நைனா ஒரு அகலைத் தனியாக எடுத்து, “இது வண்டிக்கு. சக்கரத்தாண்ட வெச்சிடு” என்றார்.

நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்றால் தம்பி தூளிக்குள் தூக்கிப்போட்டு எழுந்து வீறிட்டான். அந்த அகலைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். நைனா கையை ஓங்கிவிட்டு, நான் நடுங்குவதைப் பார்த்துக் கையை இறக்கினார்.

“இன்னிக்கே இட்டுகினு போய் ஊதிகினு வந்துட்றேன்” என்றார் அம்மாவிடம். என்னிடம், “இனிமே வாசன கீசனன்னு வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

என்னைத் தலை பின்னிக்கொள்ள எதிர்வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லித்தான் அறிவேன். நைனா கிளம்புவதற்காக டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் குழாயைத் திறந்திருக்கிறார். கிக்கரில் காலை வைக்கும்போது மழை கொட்டிவிட்டது. விடட்டும் என்று தம்பியை மடியில் போட்டு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழாயை மூடவில்லை. மழை விடும் வரைக்கும் அது அந்தப் பொட்டுக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கோணி குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பூந்தமல்லியில் தொழுகை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் நெற்றியில் விபூதி. தொழுதுவிட்டு வெளியே வந்தவர்களில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய் ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து, உதட்டுக்குள் ஓதி, முகத்தில் ஊதிக்கொண்டு வந்தார். மூச்சில் கிராம்பு மணந்தது. என் முன்னால் வந்ததும், “எதப் பாத்தும்மா பயம்?” என்று கேட்டார்.

நைனா பக்கத்தில் நிற்கிறார். வாசனை என்று சொல்ல முடியாது. “நெருப்பு” என்றேன்.

“அதுக்கு நானுந்தான் பயப்படறேன்” என்றார் பாய். நைனா சிரித்தார். பாய் ஓதி, ஊதி, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். திரும்பும் வழியில் நைனா பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். என் வியாதி தீர்ந்துவிட்டதே.

ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகளில் விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வேலப்பன்சாவடி திரும்பி மண்ரோட்டில் வரும்போது ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. கொஞ்ச தூரம் விக்கிவிக்கி ஓடி, நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல். தெருவிளக்கெல்லாம் அந்த ரோட்டில் கிடையாது. நைனா இறங்கிக் கிக்கரை உதைத்துப் பார்த்தார். “பெட்ரோல் போட்டு ரெண்டு நாள்கூட ஆவல, காலியாவுமா?” என்று டேங்க் மூடியைத் திறந்து, காதை வைத்து வண்டியை ஆட்டினார். சத்தம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

இந்த இடத்தில் சிரிக்காதீங்க. டேங்குக்குள் பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி கிழித்துப் பார்க்கிற ஆண்கள் அப்போது இருந்தார்கள். அவர்களில் தப்பியவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

முதல் குச்சி நமுத்துப்போய் முறிந்தது. இரண்டாவது பற்றியது. மஞ்சளாக நைனாவின் முகம் தெரிந்தது, மோவாய் தெரிந்தது, அவருக்குக் கீழே டேங்கின் வட்ட வாய் கறுப்பாகத் தெரிந்தது. நான் எட்டி, அந்தக் குச்சியை ஊதி அணைத்தேன்.

“இன்னா பாப்பா வெள்ளாட்டு?”

மூன்றாவது குச்சியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுபோய் அவருடைய பேண்ட்டின் மேலேயே வைத்தேன், முழங்காலுக்குக் கீழே. வரும் வழியெல்லாம் என் கால் அதில் பட்டுச் சில்லென்று இருந்தது எனக்குத் தெரியும். மழை ஈரம் என்று நினைத்தாரோ என்னவோ. கையை எடுத்து முகர்ந்தார். குனிந்து டியூபைத் தடவினார். மறுபடி முகர்ந்தார்.

தீப்பெட்டியை எடுத்து வயலுக்குள் வீசினார். அது தண்ணீரில் விழுந்த சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

பிறகு மெதுவாக, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “தொறந்துதான வெச்சினு இருந்தேன்” என்றார். அடுத்து, “கோணி.” அடுத்து, “உங்கம்மா வெளக்கு வெச்சிருப்பாளே.”

வண்டியை ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அது வரப்போரம் சாய்ந்து விழுந்ததைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். நான் விழுந்ததும் திரும்பி வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் தொடையில் தெரிந்தது.

ஊர் வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். தெரு முழுக்க விளக்கு. ஒவ்வொரு வாசப்படியிலும், கோலத்தின் நடுவிலும், மதில் மேலும் அகல் அகலாக எரிகிறது. நடுத்தெருவில் பையன்கள் மாவலி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கரித்தூளைத் துணியில் முடிந்து, பற்றவைத்து, கயிற்றில் கட்டிச் சுழற்றினால் பொறி பொறியாகக் கொட்டுமே, அதுதான். அப்படிப் பொறி மழை பெய்கிற தெருவுக்குள் பெட்ரோலில் நனைந்த பேண்ட்டோடு அவர் போகவேண்டும். நைனா என்னை இறக்கிவிட்டார். பேண்ட்டைக் கழற்றி ஓடைக்குள் எறிந்தார். பட்டாபட்டி டவுசரும் சட்டையுமாக என்னை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஊரே சிரித்தது. “இன்னா அண்ணே, பூந்தமல்லில பேண்ட்ட உருவிகினாங்களா?” என்று ஒருவர். “புள்ளைக்கு ஊதச் சொன்னா உனுக்கு ஊதிட்டாங்களா?” என்று இன்னொருவர். ஒரு பையன் மாவலியை எங்கள் தலைக்கு மேல் வளைத்துச் சுற்றினான். நான் நைனாவின் தலையை என் இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அத்தனை அழகான தெருவை நான் பிறகு பார்த்ததில்லை. ஒவ்வொரு விளக்கும் ஒரு வாய் மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் தெரு முனை திரும்பினோம்.

எல்லா வீட்டிலும் விளக்கு. எங்கள் வீடு மட்டும் இருட்டு.

எரிகிற வீட்டைப் பார்க்கப்போகிறோம் என்றுதான் அத்தனை தூரமும் ஓடிவந்தோம். இருட்டாக இருக்கும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. எரிந்து முடிந்துவிட்டதா, கதவுக்குள் என்ன கிடக்கிறது, ஒன்றும் தெரியாமல் அந்தக் கறுப்பு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஊட்ட இருட்டா போட்டுகினு தெருவுல குந்திகினு கீறியே அண்ணி, நாளும் கெயமையும் பாத்து?” என்று அத்தையின் குரல் கேட்டது.

தெருக்குழாய் மேடையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. முந்தானையால் அவனைத் தலையோடு மூடியிருந்தாள்.

“ஊட்டுக்குத் தூரமாயிட்டேன்னு சொன்னனே” என்றாள் அம்மா. “நான் வெளக்கத் தொடக் கூடாது. அதுக்குத்தான் பாப்பாவோட நைனா வர்ட்டும்னு குந்திகினுகீறேன்.”

நைனா அவள் முன்னால் போய் நின்றார். அம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். பட்டாபட்டியைப் பார்த்தாள். பேண்ட் எங்கே என்று கேட்கவில்லை. அத்தை உள்ளே போகும்வரைக்கும் பொறுத்திருந்து, அடிக்குரலில் சொன்னாள்:

“கோணிய மிதிச்சேன். சொதக்குன்னுது. குச்சி கிழிக்கல. புள்ளயத் தூக்கிகினு வெளிய வந்துட்டேன்.”

நைனா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையைத் தம்பியின் காலில் வைத்துக்கொண்டார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“உனுக்கும் வாசன வந்துதாம்மா?” என்று கேட்டேன்.

“பூச போட்ட மறு வாரமே வந்துது.”

“அப்ப ஏம்மா சொல்லல?”

அம்மா நைனாவைப் பார்த்தாள். “நான் சொன்னா சண்ட. நீ சொன்னா பயம்” என்றாள்.

இதை வைத்து நான் பல வருஷம் அம்மா மேல் வருத்தப்பட்டிருக்கிறேன். என்னை ஊதக் கூட்டிப்போகும்போதுகூட வாயைத் திறக்கவில்லையே என்று. எனக்கும் ஒரு வீடு, ஒரு புருஷன், அவர் ஆசை ஆசையாக வாங்கிவைத்த பொருள் என்று வந்த பிறகு அந்த வருத்தம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

அன்றைக்கு அத்தை வீட்டில் படுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுக் கதவையும் ஜன்னலையும் திறந்தே போட்டு, கோணியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார் நைனா.

மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனார். நானும் போனேன். இந்த முறை நைனாவே கட்டைவிரலால் அந்தப் பொட்டை வழித்து எறிந்தார். அடியில் ரப்பர் உதடு பிரிந்த மாதிரி நீளமாகப் பிளந்திருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். டியூபைக் கழற்றிப் பிசைந்துபார்த்து, “ரப்பர் மேரியா கீது இது, களி மேரி கீது. இன்னாத்தப் போட்டுத் தேச்ச அண்ணாத்தே?” என்றார். நைனா சொன்னார். “தோசக் கல்லாப்பா இது, எண்ண தடவ?” என்றார் மெக்கானிக். நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மத்ததெல்லாம் பாரு” என்றார்.

ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ஹோஸ், கார்பரேட்டரிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய டியூப் என்று வண்டியில் இருந்த ரப்பர் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தார்கள். நகம் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். புது டியூபை அளந்து பிளேடால் அறுத்து, முனையைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, இளகியிருக்கும்போதே மாட்டிக் கிளிப்பை இறுக்கினார் மெக்கானிக். நைனா பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு, கையைத் துடைத்து, உலர்ந்த விரலால் டியூபை மேலிருந்து கீழே தடவினார். விரலை என் மூக்கில் வைத்தார். நான் முகர்ந்து, இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி தடவினார், மறுபடி வைத்தார். மெக்கானிக் வேறு வண்டிக்குப் போய்விட்டார், நாங்கள் இரண்டு பேரும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

கார்த்திகைக்கு மூன்று நாள் விளக்கு வைப்பார்கள் இல்லையா. அன்றைக்குச் சாயங்காலமும் வைக்கவேண்டும். தூரம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டதால் அம்மா விளக்கைத் தொட முடியாது. “பொண்ண ஏத்தச் சொல்லு அண்ணே” என்றது அத்தை.

நைனா என்னைப் பார்த்தார். “அதெல்லாம் வேணாம்” என்றார்.

தரையைச் சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவியாகிவிட்டது. வண்டி வெளியே, மழைக்குச் சாக்குப் போர்த்தி நிற்கிறது. ஆனாலும் எனக்கு அந்த ரூமுக்குள் வாசனை இருந்தது. சுவரில் இருந்ததா என் மூக்கில் இருந்ததா, இன்றைக்கும் தெரியாது. நைனாவுக்கும் இருந்திருக்க வேண்டும். எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டுபோய்த் தெருவுக்கு அந்தப் பக்கம், அத்தை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தினார். அங்கிருந்து எங்கள் வாசலைப் பார்த்தார். போதாது என்று இன்னும் இரண்டு வீடு தள்ளி நிறுத்தினார். தம்பியை அம்மாவிடமிருந்து வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இங்கியே நில்லுங்க. நான் கூப்டாம வரக் கூடாது.”

வீட்டுக்குள் போனார். இருட்டில் அவருடைய வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அம்மா தம்பியின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை என் கழுத்தைப் பிடித்திருந்தது, வலிக்கிற அளவுக்கு.

உள்ளே ஒரு குச்சி உரசும் சத்தம். பற்றவில்லை. இன்னொன்று.

வாசல் மஞ்சளாகியது. அதற்குள் குனிந்துகொண்டு நைனா, இரண்டு கையாலும் சுடரை மறைத்துப் பிடித்தபடி, ஆடாமல் அசையாமல் நின்றார். முகம் முழுக்க வேர்வை. எங்கள் பக்கம் பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

நாங்களாகவே போனோம்.